வலப்பக்கத்துக் கொக்கி

திருமூர்த்தி பட்டறைங்களா? இருக்குதுங்க, எங்க ஓடிப் போகப் போவுது. வெயிலு மண்டையப் பொளக்குது, நீங்க தலைக்கு ஒரு துண்டு கூட இல்லாம வந்திருக்கறீங்க. சித்த ஒக்காருங்க. அந்த ஸ்டூலு வேண்டாம், ஒரு காலு ஆடும். இதுல ஒக்காருங்க. ஏ கருணா! ஒரு சொம்பு மோரு கொண்டா. ஆளு வந்திருக்காங்க.

பழனிங்களா? ஜட்கா வண்டிக்காரங்களா நீங்க? அதான பாத்தேன், கையப் பாத்தாலே தெரியுது, லகான் புடிச்ச கை. நானும் குதிரைக்காரந்தானுங்க. பேரு நாச்சிமுத்து. தாராபுரம் தடத்துல வண்டிப் பட்டறைன்னா இது ஒண்ணுதான் இருந்துச்சு. பந்தய வண்டிக்கு அச்சும் சக்கரத்துக்கு இரும்புப் பட்டாவும் போடறதுன்னா உடுமலைல இருந்தெல்லாம் என்னைத் தேடித்தான் வருவாங்க. வருவாங்கன்னா, இப்பவும் வருவாங்க. இன்னைக்குத்தான் ஆளில்ல.

நீங்க ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம், நானே சொல்றேன். ஆட்டோ வந்துருச்சு, மலைக்கு வர்ற கூட்டம் ஜட்கால ஏறறதில்ல, குதிரையெல்லாம் சும்மா நின்னு கொள்ளத் தின்னுட்டு இருக்குது. களை எடுக்கற மிஷினப் பூட்டிக் காட்டு வேலைக்கு அனுப்பலாம்னு சங்கத்துல பேசி, பாத்துட்டு வரச் சொல்லி உங்கள அனுப்பியிருக்காங்க. சரிதானுங்களே? நல்ல ரோசனைங்க. ஆனா ஒரு மிஷினு ரெண்டு மிஷினு இல்ல, சங்கத்துக்கே வேணும். அத்தனை குதிரைக்குக் கஞ்சி ஊத்தற வேலை. அப்படிப்பட்ட வேலைய எவங்கிட்டக் குடுக்கறோம்னு பாத்துக் குடுக்கோணுமில்லீங்களா?

அந்தா நிக்குது பாருங்க. ஆமா, சாக்குப் போத்தியிருக்குதே அதுதான். இருங்க, எடுத்துர்றேன். பாத்துக்கங்க. முன்னால ஒத்தை வீலு, குதிரையப் பூட்டற கொக்கி. பின்னால ரெண்டு கைப்புடி. நடுவுல சட்டம், சட்டத்துக்கு ரெண்டு பக்கமும் றெக்கை, றெக்கைக்கு அடியில மண்ணக் கெளர்ற கொத்து. இந்தக் கோல முன்னால தள்ளுங்க. தள்ளுங்க சும்மா! விரியுதுங்களா? இப்ப பின்னால இழுங்க. ஒடுங்கிருச்சு. கடலைக் காட்டுக்கு ஒடுக்கிக்கலாம், மக்காச்சோளத்துக்கு விரிச்சுக்கலாம், பருத்திக்கு இன்னுங் கொஞ்சம் விரிச்சுக்கலாம். ஆணியப் போட்டா நின்ன எடத்துல நிக்கும். மாடுன்னா ஜோடி வேணும், நொகத்தடி அகலம், சோளம் முழங்கால் ஒசரம் வந்துட்டா உள்ள எறங்க முடியாது. குதிரை ஒத்தையா சாலுக்குள்ள பூந்துட்டுப் போயிரும். களை வேரோட வந்து வெளிய உழுந்துரும்.

இதக் கண்டுபுடிச்சது ஆருன்னு நெனக்கறீங்க?

நாந்தானுங்க. நம்பமாட்டீங்க. ஊருக்குள்ள கேட்டா திருமூர்த்திம்பாங்க. திருமூர்த்தி ஆரு? என்ற ஊட்டுக்காரி கூடப் பொறந்த தம்பி. என்ற மச்சினன். அவன் என்ன தொழில் பண்ணிட்டு இருந்தான்னு கேளுங்க. கடைக்கு மாட்டற மடக்கு கேட் பண்ணிட்டு இருந்தானுங்க. இழுத்தா விரியும், தள்ளுனா ஒடுங்கும், அந்தக் கேட்டு. அவனுக்கும் காட்டுக்கும் என்ன சம்பந்தம்? அவனுக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்? கேக்கறேன்.

நடந்தது என்னன்னா, ஒரு நாளு இதே ஊட்டுல ஒக்காந்து அவனும் நானும் ஒட்டுக்காச் சோறு தின்னுட்டு இருந்தோம். களை எடுக்க ஆளே கெடைக்கறதில்லைன்னு பேச்சு வந்துச்சு. ஆளு கெடைச்சாலும் பொழுது ஏறித்தான் வர்றாங்க, நெழலுக்கு ஒக்காந்தா எந்திரிக்க மாட்டேங்கறாங்கன்னு இவன் பொலம்பறான். நாஞ் சொன்னேன், "ஏன்டா மாப்ள, அப்ப குதிரைய எறக்கிக் களை எடு"ன்னு. சிரிச்சுட்டுத்தான் சொன்னேன். அவன் சிரிக்கல. சோத்துல கைய வெச்சுட்டு அப்படியே ஒக்காந்திருந்தான். அங்க தொடங்குனதுதானுங்க. வாய் என்னோடது. அப்ப மிஷினு ஆருது?

கருணா, மோர வெச்சுட்டு உள்ள போ. ஆமா, நான் பேசுவேன். நீ போ.

பாத்தீங்களா, மொறைக்கறா. தம்பியச் சொன்னா பொறுக்காது. கருணாம்பிகைன்னு பேரு வெச்சாங்க, கருணையெல்லாம் பொறந்த ஊட்டுக்குத்தான். பட்டிப் பொங்கலன்னைக்கு எங்கூட்டுக் கட்டுத்தறி காலியாக் கெடக்குது, இவ கிண்ணத்துல பொங்கல எடுத்துக்கிட்டு தம்பி ஊட்டுக்குப் போறா. எதுக்குன்னு கேட்டீங்கன்னா, குதிரைக்கு ஊட்டறதுக்கு. மஞ்சளு குங்குமம் வெச்சு, கழுத்துல மாலை போட்டு, கையில உருட்டி ஊட்டறாளுங்க. எனக்கு அன்னைக்குத் தட்டுல போட்டது ஆறிப் போயிருந்துச்சு.

அந்தக் குதிரைதானுங்க விசயம். அது என்ற குதிரை. சிட்டுன்னு பேரு. செவலை, நெத்தில வெள்ளை. நான் அந்தியூர்ச் சந்தைல குட்டியாப் புடிச்சுட்டு வந்தது. பந்தயத்துல அது முன்னால எவன் வண்டியும் நிக்காது. குதிரையப் பத்தி எனக்கு ஒருத்தன் சொல்லித் தர வேண்டியதில்லீங்க. காத முன்னால நீட்டுச்சுன்னா குஷியா இருக்குதுன்னு அர்த்தம். பின்னால மடக்கிக் கழுத்தோட ஒட்டிக்கிச்சுன்னா பயந்து போச்சு. தோலு வெடவெடன்னு ஆடுனா இன்னும் பயம். நீங்களும் குதிரைக்காரரு, உங்களுக்குத் தெரியாததா.

அதுக்கு எடது கண்ணு போயிருச்சுங்க. வேலி முள்ளு குத்திருச்சு. பாவம். கருணா தும்பப்பூச் சாறு புழிஞ்சு உட்டா, டாக்டரு வந்து ஊசி போட்டாரு, ஒண்ணும் ஆகல. ஒத்தைக் கண்ணுக் குதிரைய வெச்சுப் பந்தயம் ஓட்ட முடியுமா? சந்தைக்குக் கொண்டு போனேன், ஒருத்தனும் வாயத் தொறந்து கேக்கல. பட்டறைக்குப் பின்னால கட்டிப் போட்டிருந்தேன். திருமூர்த்தி வந்து, "மச்சான், சும்மா நிக்குதுங்களே, நான் கூட்டிட்டுப் போகட்டுமா?"ன்னான். "கூட்டிட்டுப் போடா, உன்ற கேட்டுக்குக் காவலுக்கு நிக்கட்டும்"னேன். அன்னைக்கு இங்க அச்சுப் போட வந்தவங்க நாலஞ்சு பேரு இருந்தாங்க, எல்லாருஞ் சிரிச்சோம். அவன் கயித்தப் புடிச்சான், அது பின்னாலயே போயிருச்சு.

திரும்பிக் கூடப் பாக்கலீங்க. நானும் கையக் கட்டிட்டு நின்னுட்டே இருக்கறேன். அந்த வளைவு திரும்பற வரைக்கும் பாத்தேன். நான் எடது பக்கம் நின்னேன், அதனால தெரிஞ்சிருக்காதுன்னு கருணா சொல்றா. என்னமோ.

அப்பறம் கொஞ்ச நாள்ல பாத்தா அவன் பட்டறைல டக்கு டக்குன்னு சத்தம். மடக்கு கேட்டுக்குப் போடற கம்பி, அதே மாதிரி கத்திரியாட்டம் குறுக்க மாட்டி, றெக்கை வெச்சு, இந்த மிஷினப் பண்ணிட்டான். சிட்டப் பூட்டி முத்துக்கவுண்டர் கடலைக் காட்டுல எறக்குனானாம். ஊரே வரப்புல நின்னு வேடிக்கை பாத்துச்சாம். நான் போகல. எனக்கு அன்னைக்கு வயித்து வலி.

ஆனா தெனமும் கேட்டுட்டே இருக்கோணுமுங்க. டீக்கடைக்குப் போனா திருமூர்த்தி. சலூனுக்குப் போனா திருமூர்த்தி. "உன்ற மச்சினன் கெட்டிக்காரன்யா"ங்கறான். "கண்ணில்லாத குதிரைய எப்படிப் பழக்கி வெச்சிருக்கறான் பாத்தியா"ங்கறான். பழக்குனது நானய்யா! அவங்கிட்ட சாட்டையே இல்லீங்க. நாக்குல டொக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான், நடக்குது. இன்னொரு டொக்கு, நிக்குது. சாட்டை இல்லாம குதிரை ஓட்டறவன் என்ன குதிரைக்காரன், நீங்களே சொல்லுங்க.

அதக் கூடப் பொறுத்துக்கலாம். அவன் என்ன பண்ணுனான் தெரியுமா? வர்றவன் போறவன் எல்லார்கிட்டயும், "இது எங்க மச்சான் குதிரைங்க, அவருதான் பெரிய மனசு பண்ணிக் குடுத்தாரு, பேச்சும் அவரு ஆரம்பிச்சதுதான்"னு சொல்றான். கேட்டீங்களா? குத்திக் காட்டறான். நான் தூக்கி எறிஞ்சத இவன் எடுத்து ஆளாக்கிட்டானாம், அத எம் பேரச் சொல்லியே ஊருக்கெல்லாம் சொல்லிக் காட்டறான். வயிறு எரியுதுங்க. ஆமா, எரியுது. பொய் சொல்லி என்ன ஆகப் போவுது.

என்ற பொருள நான் திருப்பிச் செய்யோணும்னு முடிவு பண்ணுனேன். மாரியாத்தா நோம்பிக்கு எல்லாரும் அவங்கவங்க தொழில் சாமானக் கோயில் முன்னால வெச்சுப் பூசை போடுவோமுங்க. ஏரு, தறி ஓடம், டிராக்டரு, எல்லாம் நிக்கும். இவன் மிஷினும் சந்தனம் பூசிக்கிட்டு நின்னுச்சு. எல்லாரும் சாமி பாக்கப் போயிருந்த நேரம், நான் மடியில ஒரு கயிறு வெச்சிருந்தேன். சட்டம் எத்தனை நீளம், ஒரு முடிச்சு. றெக்கை எத்தனை, ஒரு முடிச்சு. கொத்துக்குக் கொத்து எவ்வளவு எட்டம், ஒரு முடிச்சு. கொக்கி எங்க இருக்குது, அங்க ஒரு முடிச்சு. இஞ்சு பெசகாம எடுத்துட்டேன். அந்தா, ஆணில தொங்குது பாருங்க, அந்தக் கயிறுதான். அளவத் திருடிட்டேன்னு சொல்லாதீங்க. என்ற மிஷினத்தான நான் அளந்தேன்.

அந்த அளவுக்கு ஒரு மசுரு கூடக் கூடல, கொறையல, அப்படிச் செஞ்சனுங்க. அவன் வெல்டிங்க விட என்ற வெல்டிங்கு நல்லா இருக்கும், தடவிப் பாருங்க. பெயின்ட்டும் நல்ல பெயின்ட்டு. அவனது வெறும் செகப்பு, நான் பச்சையும் மஞ்சளும் அடிச்சேன்.

அதுக்கப்பறம் ஊருல பேச்சு வந்துச்சு, நாச்சிமுத்துவும் ஒரு மிஷினு பண்ணியிருக்கறாருன்னு. எது நல்லதுன்னு ஓட்டிப் பாத்துரலாம்னு எல்லாரும் சொன்னாங்க. முத்துக்கவுண்டர் சோளக் காட்ட உட்டாரு. சோளம் நல்லா முழங்கால் ஒசரம். களையும் நல்லாப் படந்து கெடந்துச்சு. நான் பந்தயக்காரச் சிநேகிதன் ஒருத்தங்கிட்ட ஒரு எளங்குதிரையக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். கருகருன்னு, ரெண்டு கண்ணும் மின்னுது. அது பக்கத்துல சிட்டு கெழவியாட்டம் இருந்துச்சு. எனக்குச் சந்தோசமுங்க. மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன், இன்னைக்குத் தெரியும்டி உனக்குன்னு. குதிரைகிட்ட என்ன வீம்புன்னு கேப்பீங்க. இருந்துச்சு.

மொதல்ல அவன் ஓட்டுனான். ஒழுங்காப் போச்சு, அது கெடக்கட்டும். அப்பறம் நான் எறங்குனேன். குதிரை நல்லாத்தான் நடந்துச்சு. சாலு நடுவுல நேரா நடந்துச்சு. ஆனா மிஷினு நேரா வரலீங்க! எடது பக்கமே இழுத்துக்கிட்டுப் போவுது. நான் கைப்புடியப் புடிச்சு வலப்பக்கம் தள்றேன், அது எடது பக்கம் போவுது. வேர்த்து ஊத்துது. பாதிச் சாலு போயித் திரும்பிப் பாத்தா எடது பக்கத்துச் சோளம் பூராவும் சாஞ்சு கெடக்குது. முத்துக்கவுண்டரு வரப்புல நின்னு கத்தறாரு, "யோவ் நாச்சிமுத்து! களைய எடுக்கச் சொன்னா பயிர எடுக்கறயேய்யா!"ன்னு.

அப்பத்தானுங்க அவன் வந்தான். ஓடி வந்தான். நல்லவனாட்டம். ஸ்பேனரக் கையிலயே வெச்சிருக்கறான். "மச்சான், ஒரு நிமிசமுங்க"ன்னு சொல்லிட்டுக் குனிஞ்சு, முன்னால இருந்த கொக்கியக் கழட்டுனான். கழட்டிச் சட்டத்துக்கு நடுவுல கொண்டு போயி மாட்டுனான். மெதுவாத்தான் சொன்னான், ஆனா பக்கத்துல நின்னவனுக்குக் கேட்டுருச்சு. "சிட்டுக்கு எடது கண்ணு தெரியாதுங்களே மச்சான், அது எப்பவுமே வலப்பக்கமாச் சாஞ்சு நடக்கும். அதுக்குத் தோதாக் கொக்கிய வலப்பக்கம் வெச்சேன். உங்க குதிரைக்குத்தான் ரெண்டு கண்ணும் நல்லா இருக்குதுங்களே"ன்னான்.

ஒருத்தன் சிரிச்சான். அப்பறம் வரப்பே சிரிச்சுது. "அட, கண்ணில்லாத குதிரை அளவ எடுத்துட்டு வந்துட்டாருப்பா"ங்கறான் ஒருத்தன். முத்துக்கவுண்டரு தோள்ல கெடந்த துண்ட எடுத்து அவன் தோள்ல போத்தறாரு. எம் முன்னாலயே! அவன் கூச்சப்பட்டுக்கிட்டு அத எடுத்து எங்கிட்ட நீட்டறான், "மச்சானுக்குப் போத்துங்க"ன்னு. நான் தட்டி உட்டுட்டு வந்துட்டேன்.

இதுல ஆரு மேல தப்பு, நீங்க சொல்லுங்க. நாலு பேரு முன்னால இன்னொருத்தன் மிஷின்ல கை வெக்கலாமா? அது மொறையா? அன்னைக்கு எனக்கு உடுமலைப் பந்தயந்தான் ஞாபகம் வந்துச்சு. அங்கயும் இப்படித்தானுங்க. நாந்தான் முன்னால போயிட்டு இருக்கறேன், கோடு கண்ணுக்குத் தெரியுது. எடது பக்கமா ஒரு பொள்ளாச்சிக்காரன் வண்டி மேல ஏறி வருது. என்னை எவனாச்சும் தாண்டுனா எனக்கு ஆகாதுங்க. சின்ன வயசுல இருந்தே ஆகாது. அவன் குதிரை மூஞ்சிக்கு ஒரு வீசு வீசுனேன். சாட்டை சுத்திக்கிட்டு வந்துருச்சு. சிட்டு அந்த நேரம் பாத்துத் தலையத் திருப்புது. அது எதுக்குத் திருப்போணும்? முன்னால பாத்துட்டு ஓடியிருந்தா ஒண்ணுமே ஆயிருக்காது. அப்படியும் அது நிக்கலீங்க, கண்ணுல ரத்தம் வழிய வழியக் கோட்டத் தாண்டுச்சு. நாந்தான் செயிச்சேன்.

என்ன கேட்டீங்க? முள்ளா? ஆமா, முள்ளுதானுங்க. வேலி முள்ளு. அத அப்பவே சொன்னேனே. நான் இப்பச் சொன்னது பந்தயத்தப் பத்தி. மோரக் குடிங்க, ஈ உழுந்துரும்.

நீங்க குனிஞ்சு எதப் பாக்கறீங்க? கொக்கியா? ஆமா, வலப்பக்கந்தான் இருக்குது. அவன் நடுவுல மாட்டுனத நான் ஊட்டுக்கு வந்த ஒடனே கழட்டி, மறுபடியும் கயித்து அளவுக்கே வெச்சுட்டேன். அவன் கை வெச்ச எடத்துல என்ற மிஷினு ஓட வேண்டாமுங்க. கருணா தலைல அடிச்சுக்கிட்டா. "கொக்கிய நடுவுல வெச்சா ஓடுமில்லீங்க, உங்களுக்கு மிஷினு ஓடோணுமா, அவன் தோக்கோணுமா?"ன்னு கேட்டா. பொம்பளைக்கு என்ன தெரியும். ரெண்டுந்தான் வேணும்.

இத ஓட்டறதுக்கு வலப்பக்கமாச் சாஞ்சு நடக்கற குதிரை இருந்தாப் போதும், அருமையா ஓடும். அப்படி ஒரு குதிரை இருக்குது. இல்லாமயா. அவங்கிட்ட இருக்குது. என்ற குதிரை எங்கிட்ட வந்துட்டா என்ற மிஷினும் ஓடும். ஞாயந்தானுங்களே? கேட்டுப் பாத்தேன். கருணாவத்தான் அனுப்பிக் கேட்டேன். அதுக்கு அவன் என்ன சொல்லி அனுப்புனான் தெரியுமா? "மச்சான் வந்து கூப்பிட்டு, அது தானா அவரு பின்னால வந்துச்சுன்னா கூட்டிட்டுப் போகட்டும்"னானாம். திமிரு பாருங்க. குதிரை என்ன சீர் வெச்சு அழைக்கற பொண்ணா?

போகலீங்க நான். எதுக்குப் போகோணும்.

வெடியால நடக்கப் போவேன், அவ்வளவுதான். டாக்டரு நடக்கச் சொல்லியிருக்கறாரு. தடம் அவன் ஊட்டு வழியாத்தான் போவுது. வேற தடமும் இருக்குது, அது சுத்து. போறப்ப வேலிக்கு வெளிய சித்த நிப்பேன். அது எடது பக்கம் இருக்கற வேலி. அங்க நின்னா அதுக்குத் தெரியாது. தின்னுட்டு இருக்கும். நல்லா மினுமினுன்னு ஆயிருச்சுங்க. எங்கிட்ட இருந்தப்ப எலும்பு தெரிஞ்சுது, பந்தயக் குதிரை அப்படித்தான் இருக்கோணும். இப்ப வயிறு வெச்சுருச்சு. காத முன்னால நீட்டிக்கிட்டு அவன் வர்ற சத்தத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கும். அவன் இன்னும் எந்திரிச்சே இருக்க மாட்டான். இது காத்துக்கிட்டு நிக்குது. நான் இங்க நிக்கறேன். எட்டு வருசம் என்ற வண்டில ஓடுச்சு, ஒரு நாளு கூட எனக்காகக் காத அப்படி நீட்டல. பாத்துட்டு வந்துருவேன்.

இருங்க, இருங்க. எந்திரிக்காதீங்க. சத்தம் கேக்குதுங்களா? கொளம்புச் சத்தம். மண்ணுத் தடத்துல கூட அந்த நடை எனக்குத் தெரியும். எங்கயோ காட்டு வேலைய முடிச்சுட்டு வர்றாங்க. பாருங்க, அந்த வேப்ப மரத்தத் தாண்டி வருது. செவலை, நெத்தில வெள்ளை. எப்படி வருது பாருங்க! பின்னால அந்தச் செகப்பு மிஷினு, கைப்புடியப் புடிச்சுட்டு வர்றானே, அவந்தான். ஒரு கயிறு கூடப் புடிக்கல பாருங்க.

இந்தப் பக்கம் நாம இருக்கறது அதுக்குத் தெரியாது. நாம எடது பக்கம் இருக்கறோம். ஆனா எஞ் சத்தத்த மறந்திருக்காது. நானே கூப்பிட்டுப் பாக்கறேன். நீங்களே சாட்சி. தானா வந்தாக் கூட்டிட்டுப் போகச் சொன்னான்ல?

சிட்டூ! ஏய் சிட்டூ!

பாத்தீங்களா! நின்னுருச்சு பாத்தீங்களா! ஒரே சத்தம், நட்ட கல்லாட்டம் நின்னுருச்சு! அவன் டொக்கு டொக்குன்னு நாக்க அடிக்கறான், நகரல பாருங்க! எஞ் சத்தமுங்க! மறக்குமா? சிட்டு, வாடி. இங்க வா. வாடி தங்கம்.

வரும். இருங்க, வரும்.

காதா? ஆமா, மடக்கியிருக்குது. அது ஈயிக்குங்க. இந்தத் தடத்துல ஈ சாஸ்தி. ஈ மொச்சாக் காத மடக்கிக்கும். தோலு ஆடறதும் ஈயிக்குத்தான். உங்களுக்கு ஜட்காக் குதிரையத்தான் தெரியும், இது வேற சாதி.

என்னடா மாப்ள? சத்தம் போடக் கூடாதா? என்ற குதிரைய நான் கூப்பிடக் கூடாதா? நீ எதுக்கு அதுக்கும் எனக்கும் நடுவுல வந்து நிக்கறே? தள்ளு. கையில ஒண்ணுமில்லடா, பாரு. வெறுங்கை. வெறுங்கைன்னு அதுக்கு எப்படித் தெரியும்ங்கறயா? அதுக்கு இந்தப் பக்கம் கண்ணு தெரியாதுடா, எனக்கா தெரியாது... நான் சும்மா நெத்தியத் தொட்டுட்டு... கருணா, நீ எதுக்கு வெளிய வந்தே? உன்னை ஆரு கூப்பிட்டா?

என்னது? "அண்ணா, இவந்தான் எந்தம்பி திருமூர்த்தி, இவங்கூடயே போங்க"வா? சொல்லு. நல்லாச் சொல்லு. வந்த ஆள அனுப்பி வெய்யி. அந்தக் குதிரை மூஞ்சியத் தடவிக் குடு. அது உன்ற முந்தானைல மூஞ்சிய வெச்சு ஒளிஞ்சுக்கட்டும். ஊட்டுக்காரன் ஒருத்தன் இங்க நிக்கறான்.

போறீங்களா? சரிங்க, போங்க. ஒண்ணும் தப்பில்ல. மோரக் குடிக்கவே இல்ல நீங்க.

அவன் "நடடி"ன்னதும் நடக்குது பாருங்க. எங்கூட்டத் தாண்டுற வரைக்கும் அவன் இந்தப் பக்கமாவே நடந்து வர்றான் பாருங்க, மறைச்சுக்கிட்டு.

ஏனுங்க! பழனிக்காரரே! ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போங்க. அவங்கிட்ட ஆர்டரு குடுத்தீங்கன்னா மொதல்ல உங்க குதிரையெல்லாம் கொண்டாரச் சொல்லுவான். ஒவ்வொண்ணா நடக்க உட்டுப் பாப்பான், எந்தப் பக்கம் சாயுது, எப்படி அடி வெக்குதுன்னு. அதுக்கப்பறந்தான் கொக்கிய வெப்பான். அத்தனை குதிரையும் பழனிலிருந்து கூட்டிட்டு வர்றது லேசா? எங்கிட்ட அந்தத் தொந்தரவே இல்லீங்க! நான் குதிரையப் பாக்கவே வேண்டியதில்ல! அளவு எங்கிட்ட இருக்குது!